இங்கிரிட் பெர்க்மன்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய உலகப் படங்களைச் சேர்ந்து பார்த்துப் பேசும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். இங்கிரிட் பெர்க்மன் நடித்த படம் ஒன்றைப் போட்டால் போதும், விளக்கு எரிந்ததும் அதே கேள்விகள் வரிசையாக வரும். பாதிக் கேள்விகள் அவர் யாரைக் காதலித்தார், யாரை விட்டுப் போனார் என்பதைச் சுற்றியே இருக்கும். அவற்றுக்கும் இங்கே பதில் உண்டு. ஆனால் எந்த வேடத்தை அவர் கேட்டு வாங்கினார், எதை வேண்டாம் என்றார் என்று கவனித்தால்தான் அந்த வாழ்க்கை சரியாகப் புரிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவர் இயக்குநர் இங்மார் பெர்க்மனுக்குத் தங்கையா, மனைவியா?

இரண்டும் இல்லை. இருவரும் ஸ்வீடன்காரர்கள், பெர்க்மன் அங்கே பரவலான குடும்பப் பெயர், அவ்வளவுதான். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்மார் 1971ல் மணந்துகொண்ட ஐந்தாவது மனைவியின் பெயரும் இங்கிரிட். கல்யாணத்துக்குப் பிறகு அவரும் இங்கிரிட் பெர்க்மன் ஆகிவிட்டார். அதனால் 'இங்மாரின் மனைவி இங்கிரிட் பெர்க்மன்' என்று எங்காவது படித்திருந்தால் அது பொய்யில்லை, ஆள்தான் வேறு.

நடிகையும் இயக்குநரும் சேர்ந்து செய்தது ஒரே ஒரு படம், 1978ல் வந்த 'ஆட்டம் சொனாட்டா'. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்த ஊர்? சின்ன வயசிலேயே அப்பா அம்மா இல்லையாமே?

1915 ஆகஸ்ட் 29 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். அப்பா ஸ்வீடன்காரர், அம்மா ஜெர்மானியர். அம்மா இறந்தபோது இங்கிரிட் நினைவு தெரியாத சின்னக் குழந்தை. அப்பா யுஸ்டுஸ் போட்டோக் கடை வைத்திருந்தார். மகளைப் போட்டோ எடுப்பதோடு நிற்காமல், அந்தக் காலத்திலேயே சினிமா கேமராவிலும் அவளைப் படம் பிடித்து வைத்தார். இங்கிரிடுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது அவரும் போய்விட்டார். அதன் பிறகு வளர்த்த அத்தை ஆறு மாதத்தில் இறந்தார். மிச்சக் காலம் பெரியப்பா வீட்டில், அவர் பிள்ளைகளோடு.

அப்பா எடுத்த அந்தச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன. 2015ல் ஸ்டிக் பியோர்க்மன் எடுத்த ஆவணப்படத்தில் அவற்றைப் பார்க்கலாம். கேமராவைப் பார்த்து அந்தக் குழந்தை கொஞ்சமும் கூச்சப்படவில்லை. இங்கிரிடும் பிற்காலத்தில் கையில் ஒரு சின்ன கேமராவோடுதான் அலைந்தார். கணவர்களை, பிள்ளைகளை, படப்பிடிப்புகளை எல்லாம் எடுத்துத் தள்ளினார். டைரி, கடிதம், படச்சுருள் எதையும் தூக்கிப் போடாதவர் என்பதால்தான் அவரைப் பற்றி இவ்வளவு விவரம் நமக்குக் கிடைக்கிறது.

ஹாலிவுட்டுக்கு எப்படிப் போனார்?

1933ல் ஸ்டாக்ஹோமின் அரச நாடகப் பள்ளியில் சேர்ந்தார். கிரெட்டா கார்போ படித்த அதே பள்ளி. ஒரே வருடத்தில் சினிமா கூப்பிட, பள்ளியை விட்டுவிட்டார். 1936ல் குஸ்டாஃப் மோலாண்டர் இயக்கிய 'இன்டர்மெஸோ'வில் பியானோ ஆசிரியையாக நடித்தார். அந்தப் படம் நியூயார்க்கில் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்கின் ஆட்கள் கண்ணில் பட்டது. அதே கதையை ஆங்கிலத்தில் எடுக்க 1939ல் இங்கிரிடை வரவழைத்தார் செல்ஸ்னிக். அதற்குள் பெட்டர் லின்ட்ஸ்ட்ரோம் என்ற பல் மருத்துவரை மணந்து, பியா என்ற பெண் குழந்தைக்கும் தாயாகியிருந்தார்.

பெயரையும் முகத்தையும் மாற்றச் சொன்னார்களாம், இவர் முடியாது என்றாராம். உண்மையா?

உண்மைதான். பெயர் ஜெர்மன் பெயர் போல ஒலிக்கிறது, புருவம் அடர்த்தி, பல் சரியில்லை என்று பட்டியல் போட்டார்கள். எதையும் மாற்ற முடியாது, வேண்டாமென்றால் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்று இங்கிரிட் சொன்னார். செல்ஸ்னிக் கெட்டிக்காரர். அந்த மறுப்பையே விளம்பரமாக்கினார்: 'ஒப்பனை இல்லாத இயற்கை அழகி'. 24 வயதுகூட ஆகாத, ஆங்கிலம் சரியாக வராத ஒரு பெண் இப்படிப் பேசியதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

வேடத்திலும் அதே பிடிவாதம். 1941ல் 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் அவருக்குக் கொடுத்தது நாயகனுக்கு நிச்சயிக்கப்பட்ட நல்ல பெண் வேடம். மதுக்கடைப் பெண் ஐவி வேடம் லானா டர்னருக்கு. இங்கிரிட் போய்ப் பேசி இரண்டையும் இடம் மாற்றிக்கொண்டார். சாது முகத்தை வைத்துக்கொண்டு காலம் முழுக்க சாதுவாகவே நடிக்க அவருக்கு விருப்பமில்லை.

'காசாபிளாங்கா'வுக்கு ஆஸ்கர் வாங்கினாரா? மொத்தம் எத்தனை ஆஸ்கர்?

'காசாபிளாங்கா'வுக்கு அவர் பரிந்துரைகூடச் செய்யப்படவில்லை. படம் மூன்று ஆஸ்கர் வாங்கியது: சிறந்த படம், இயக்கம், திரைக்கதை. அந்த வருடம் இங்கிரிட் பரிந்துரைக்கப்பட்டது 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' படத்துக்காக.

மொத்தம் ஏழு பரிந்துரை, மூன்று விருது. 'கேஸ்லைட்' (1944), 'அனஸ்தாசியா' (1956) இரண்டுக்கும் சிறந்த நடிகை. 'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' (1974) படத்துக்குச் சிறந்த துணை நடிகை. இவை தவிர நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்ததற்கு 1947ல், நாடகத்துக்கான டோனி விருது தொடங்கிய முதல் வருடத்திலேயே, அதையும் பெற்றார்.

'காசாபிளாங்கா' எடுக்கும்போது கதாநாயகி யாரோடு போவாள் என்று அவருக்கே தெரியாதாமே?

படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே திரைக்கதையையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹம்ஃப்ரி போகார்ட்டா, பால் ஹென்ரீட்டா, நான் யாரைக் காதலிக்கிறேன் என்று இங்கிரிட் கேட்டால் இயக்குநர் மைக்கேல் கர்டிஸுக்கே பதில் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நடி என்றாராம். இதை இங்கிரிடே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதாநாயகி இல்ஸாவின் முகத்தில் கடைசி வரை ஒரு தத்தளிப்பு தெரிகிறதே, அதில் இந்தக் குழப்பத்துக்கும் பங்குண்டு. ஆனால் குழப்பம் மட்டும் போதாது. அதை அப்படியே முகத்தில் தாங்கி நிற்கத் தெரிய வேண்டும்.

அப்புறம், எல்லோரும் மேற்கோள் காட்டும் 'ப்ளே இட் அகெய்ன், சாம்' என்ற வசனம் படத்தில் கிடையாது. பியானோ வாசிப்பவரிடம் இல்ஸா சொல்வது 'ப்ளே இட், சாம்' மட்டும். போகார்ட்டை விட இங்கிரிட் கொஞ்சம் உயரம் என்பதால் போகார்ட்டுக்குக் கட்டை வைத்த காலணி போட்டதும் உண்மைதான்.

ஹிட்ச்காக் படங்களில் எதைப் பார்க்கலாம்?

மூன்று படம் செய்தார்கள்: 'ஸ்பெல்பவுண்ட்' (1945), 'நொட்டோரியஸ்' (1946), 'அண்டர் காப்ரிகார்ன்' (1949). நேரம் குறைவென்றால் நடுவில் உள்ளதை மட்டும் பாருங்கள். நாஜி ஒருவரின் மகள், அமெரிக்காவுக்காக உளவு பார்க்க ரியோவுக்குப் போகிறாள், சந்தேகத்துக்குரிய ஆளையே கல்யாணமும் செய்துகொள்கிறாள். அவளை அனுப்பிய அதிகாரியைத்தான் அவள் காதலிக்கிறாள். அவனுக்கோ அவள் மேல் நம்பிக்கையும் இல்லை, விட்டுவிட மனமும் இல்லை. அவன் கேரி கிராண்ட்.

அதில் விருந்துக் காட்சி ஒன்று. கேமரா மாடியின் உயரத்தில் தொடங்குகிறது. கீழே பெரிய கூடம், சரவிளக்கு, பேசிச் சிரிக்கும் கூட்டம். வெட்டே இல்லாமல் கேமரா இறங்கி இறங்கி, விருந்தினர்களை வரவேற்றபடி நிற்கும் இங்கிரிடை நெருங்கி, கடைசியில் அவர் கைக்குள் போய் நிற்கிறது. விரல்களுக்கு நடுவே ஒரு சாவி. கணவனின் மது நிலவறைச் சாவி, திருடியது. முகம் விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருக்க, பயம் முழுவதும் அந்த விரல்களில் இருக்கிறது. அந்தச் சாவியை கேரி கிராண்ட் எடுத்து வைத்திருந்து, பல வருடம் கழித்து இங்கிரிடிடம் கொடுத்தார். 1979ல் ஹிட்ச்காக்குக்கு நடந்த பாராட்டு விழாவில் இங்கிரிட் அதை மேடையிலேயே ஹிட்ச்காக் கையில் ஒப்படைத்தார்.

ஒரு கடிதம் போட்டதால்தான் வாழ்க்கையே மாறியது என்கிறார்களே?

1948ல் நடந்தது. இத்தாலிய இயக்குநர் ரொபெர்ட்டோ ரோசெல்லினியின் 'ரோம், ஓபன் சிட்டி' பார்த்து அசந்துபோயிருந்தார். ஸ்டுடியோ செட்டில் ஒப்பனையும் விளக்குமாகப் பத்து வருடம் நடித்தவருக்கு, போர் முடிந்த கையோடு தெருவில் எடுத்த அந்தப் படம் வேறு உலகமாகத் தெரிந்தது. ஒரு சின்னக் கடிதம் எழுதினார். ஆங்கிலம் நன்றாகப் பேசும், ஜெர்மன் மறக்காத, பிரெஞ்சு அரைகுறையான, இத்தாலிய மொழியில் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்பதற்கு மேல் தெரியாத ஸ்வீடன் நடிகை ஒருத்தி வேண்டுமானால் நான் வந்து நடிக்கத் தயார் என்பது சாரம்.

1949ல் 'ஸ்ட்ரோம்போலி' எடுக்க எரிமலைத் தீவுக்குப் போனார்கள். காதல் பிறந்தது. இருவருமே ஏற்கெனவே மணமானவர்கள். ரோசெல்லினியோடு அப்போது வாழ்ந்துகொண்டிருந்த பெரும் நடிகை அன்னா மன்யானி, பக்கத்துத் தீவில் 'வல்கனோ' என்று போட்டியாக ஒரு எரிமலைப் படத்தில் நடித்தார். 1950 பிப்ரவரியில் இங்கிரிடுக்கும் ரோசெல்லினிக்கும் மகன் பிறந்தான். விவாகரத்து முடிந்து அவர்கள் மணந்தது அதற்குப் பிறகு, மே மாதம். 1952ல் இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். அதில் ஒருவர்தான் பின்னாளில் நடிகையான இசபெல்லா ரோசெல்லினி.

அமெரிக்க அரசு இவரை நாடு கடத்தியதா?

இல்லை. 1950 மார்ச்சில் கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன், செனட் சபையிலேயே எழுந்து இவரை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகச் சாடினார். நடிகர்களுக்கு நன்னடத்தை பார்த்து உரிமம் தர வேண்டும் என்றுகூடச் சொன்னார். அது சட்டமாகவில்லை. ஆனால் மதக் குழுக்களும் மகளிர் அமைப்புகளும் 'ஸ்ட்ரோம்போலி'யைப் புறக்கணிக்கச் சொல்ல, சில ஊர்களில் படம் ஓடவில்லை. ஹாலிவுட் கதவை அடைத்துக்கொண்டது.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டால், 1945ல் அவரைக் கன்னியாஸ்திரியாகவும் 1948ல் புனித ஜோனாகவும் திரையில் பார்த்த கூட்டம் அது. வேடத்தையும் ஆளையும் ஒன்றாக நினைத்துவிட்டார்கள். இங்கிரிட் செய்ததையே அந்தக் காலத்து ஆண் நட்சத்திரங்கள் எத்தனை பேர் செய்தார்கள், யாருக்கும் செனட்டில் கண்டனம் எழவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1972ல் இன்னொரு செனட்டர், இல்லினாயின் சார்லஸ் பெர்சி, அந்தப் பேச்சுக்காக அதே சபையின் ஏட்டில் வருத்தம் பதிவு செய்தார். 22 வருடம் கழித்து.

ரோசெல்லினியோடு செய்ததெல்லாம் தோல்விப் படங்கள்தானே? அதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

வசூலில் தோல்விதான். வெளியானபோது பெரும்பாலான விமர்சனங்களும் மோசம். ஆனால் பாரிஸில் ட்ரூஃபோ, கொடார் போன்ற இளம் விமர்சகர்கள், அடுத்த சில வருடங்களில் தாங்களே இயக்குநர்கள் ஆனவர்கள், 'ஜர்னி டு இட்டலி'யை (1954) தூக்கிப் பிடித்தார்கள். கதை நகர்வதே இல்லை என்று மற்றவர்கள் குறை சொன்னதுதான் இவர்களுக்குப் பிடித்தது.

சொத்து விற்க நேப்பிள்ஸ் வந்த ஒரு ஆங்கிலேயத் தம்பதி. பேசிக்கொள்ள ஒன்றுமில்லாமல் பிரிய முடிவு செய்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, பழங்காலத்தில் எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பெய் நகரில் அகழ்வு நடக்கிறது, வாருங்கள் என்று கூட்டிப்போகிறார்கள். எரிமலைச் சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போய், அந்த இடம் வெற்றுக் குழியாக இருக்கும். அதில் சுண்ணச்சாந்தை ஊற்றி இறுகவிட்டு மண்ணை விலக்குவார்கள். முதலில் ஒரு கை, அப்புறம் கால், அப்புறம் தலை. பார்த்தால் இரண்டு பேர். சேர்ந்தே செத்துப்போன ஓர் ஆணும் பெண்ணும். இங்கிரிட் அங்கே நிற்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறார். அந்த அழுகைக்கு வசனம் எதுவும் தேவைப்படவில்லை. 'கேஸ்லைட்'டில் ஆஸ்கர் வாங்கித் தந்த நடிப்பை விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரோசெல்லினி இந்தியாவுக்கு வந்தாராமே? இங்கிரிடும் வந்தாரா?

ரோசெல்லினி 1956 கடைசியில் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். அது பிறகு 'இந்தியா: மாத்ரி பூமி' என்று வெளியானது. இங்கிரிட் வரவில்லை. இங்கே ரோசெல்லினிக்கும் சோனாலி தாஸ்குப்தாவுக்கும் காதல் ஏற்பட்டது. சோனாலி, வங்காள ஆவணப்பட இயக்குநர் ஹரிசாதன் தாஸ்குப்தாவின் மனைவி. 1957ல் பத்திரிகைகள் இதைப் பெரிய விவகாரமாக்கின. கடைசியில் சோனாலி இளைய மகனோடு ஐரோப்பா போய், வாழ்நாள் முழுவதும் ரோமிலேயே இருந்துவிட்டார்.

விவகாரம் முற்றி, ரோசெல்லினி இந்தியாவை விட்டுக் கிளம்புவதே சிக்கலானபோது, லண்டனில் நேருவைச் சந்தித்து உதவி கேட்டவர் இங்கிரிட்தான். அந்த வருடமே இருவரும் பிரிந்தார்கள். அதன் பிறகும் ரோசெல்லினியைப் பற்றி அவர் கசப்பாகப் பேசியதில்லை.

'அனஸ்தாசியா' ஆஸ்கரை மேடையில் ஏன் வாங்கவில்லை?

விழா நடந்தபோது அவர் பாரிஸில் நாடகம் நடித்துக்கொண்டிருந்தார். அவருக்காக கேரி கிராண்ட் வாங்கிக்கொண்டார். ஊரே ஒதுக்கியபோது விட்டுக்கொடுக்காமல் நின்ற நண்பர் அவர். 1959 விழாவுக்குத்தான் இங்கிரிட் நேரில் போனார், சிறந்த படத்துக்கான விருதை வழங்க. அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

மூன்றாவது ஆஸ்கர் கொஞ்ச நேரமே வரும் வேடத்துக்காமே, அனுதாப விருதா?

'மர்டர் ஆன் த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' இயக்குநர் சிட்னி லூமெட் அவருக்குக் கொடுக்க நினைத்தது பெரிய வேடம், ரஷ்ய இளவரசி. இங்கிரிட் அதை ஒதுக்கிவிட்டு, தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசும் ஸ்வீடன் மிஷனரிப் பெண்ணின் சின்ன வேடத்தைக் கேட்டார். ஐவி வேடத்தைக் கேட்டு வாங்கிய அதே பழக்கம். துப்பறிவாளர் விசாரிக்கும் காட்சியை லூமெட் ஏறக்குறைய ஐந்து நிமிடம் வெட்டில்லாமல் எடுத்தார். கேமரா அவர் முகத்தை விடவே இல்லை. பாருங்கள், பார்த்துவிட்டு அனுதாபமா என்று முடிவு செய்யுங்கள். விருதை வாங்கியவர் மேடையிலேயே, இது போட்டியில் இருந்த நடிகை வாலென்டினா கோர்ட்டேசேக்குப் போயிருக்க வேண்டியது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஹிட்லர் காலத்தில் ஜெர்மன் படத்தில் நடித்தவர்தானே? இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டிய விஷயம்தான். 1938ல் பெர்லினில் ஊஃபா நிறுவனத்துக்காக ஒரு படம் நடித்தார். நான்கு பெண்கள் விளம்பர நிறுவனம் தொடங்கும் லேசான கதை, பிரச்சாரம் அல்ல. அம்மாவின் மொழி தெரியும், பெரிய சந்தை, வேலை கிடைத்தது, போனார். நாடு எந்தப் பாதையில் போகிறது என்று அன்றைக்கு ஸ்டாக்ஹோமில் பத்திரிகை படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். 22 வயது என்பது ஒரு விளக்கம். முழுச் சமாதானம் ஆகாது.

பிறகு செய்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினர் முன் நிகழ்ச்சி நடத்த அலாஸ்கா வரை போனார். 1946ல் வாஷிங்டனில் அவர் நாடகம் நடந்த அரங்கில் கறுப்பினத்தவரை உள்ளே விடுவதில்லை என்று தெரிந்ததும், முன்பே தெரிந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டேன் என்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அன்று ஒரு நட்சத்திரம் பேசத் தயங்கும் பேச்சு அது.

பத்து வயது மகளை விட்டுவிட்டுப் போனது நியாயமா?

பியாவைச் சொல்கிறீர்கள். விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்பாவோடு அமெரிக்காவிலேயே இருந்தாள். விடுமுறைக்காவது இத்தாலிக்கு அனுப்பச் சொல்லி 1952ல் இங்கிரிட் வழக்குப் போட்டார், தோற்றார். அம்மாவும் மகளும் 1957ல் பாரிஸில்தான் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். பியா பின்னாளில் நியூயார்க்கில் தொலைக்காட்சிச் செய்தியாளரானார். அந்த வருடங்கள் தனக்கு எவ்வளவு வலித்தன என்பதை அவர் மறைக்கவில்லை. அம்மாவோடு இருப்பது எவ்வளவு சந்தோஷம் என்பதையும் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு சொல்லும் உரிமை பிள்ளைகள் நால்வருக்கு உண்டு. நாம் படத்தைத்தான் மதிப்பிட முடியும்.

'ஆட்டம் சொனாட்டா' அவர் சொந்தக் கதையா?

கதை இங்மாருடையது. ஆனால் மேடைக்காக வீட்டை விட்ட பியானோ கலைஞர், அவரால் காயப்பட்ட மகள் என்னும்போது, முந்தைய பதிலைப் படித்தவர்களுக்கு ஒட்டாமல் இருக்காது. 1973ல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவின் தலைவராக இருந்த இங்கிரிட், அங்கே வந்த இங்மாரின் பையில் அவர் முன்பு எழுதிய கடிதத்தின் நகலையே திணித்து, சேர்ந்து படம் செய்யலாம் என்று சொன்னதை நினைவூட்டினார். படப்பிடிப்பு நார்வேயில் நடந்தது. முதல் நாள் வாசிப்புக்கு வேடத்தை முழுவதுமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்து, இங்மாரைத் திகைக்க வைத்தார். எந்தத் தாய் மகளை ஏழு வருடம் பார்க்காமல் இருப்பாள் என்று திரைக்கதையோடும் சண்டை போட்டார்.

மகளாக லிவ் உல்மன் ஷோபானின் ஒரு சிறு இசைத்துண்டைத் திக்கித் திணறி வாசிப்பார். பக்கத்தில் இங்கிரிட் கேட்டுக்கொண்டிருப்பார். பரிவு, சங்கடம், தேர்ந்த கலைஞரின் பொறுமையின்மை, மகளிடம் இதைக் காட்டக்கூடாதே என்ற தவிப்பு. எல்லாம் அந்த ஒரு முகத்தில். ஏழாவது ஆஸ்கர் பரிந்துரை இதற்குத்தான். கொடுத்திருக்க வேண்டும்.

கடைசிக் காலத்தில் நோயோடு நடித்தாரா?

ஆமாம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை ஆகி, பின்னாளில் ஒரு கை பெரிதாக வீங்கிவிட்டது. அந்த நிலையில் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயராகத் தொலைக்காட்சிக்கு நடித்தார். வீக்கம் வடிய இரவெல்லாம் கையைத் தூக்கிக் கட்டியே படுத்திருந்து, காலையில் படப்பிடிப்புக்குப் போவார். 1982 ஆகஸ்ட் 29 அன்று, தன் 67ஆவது பிறந்தநாளிலேயே, லண்டனில் இறந்தார். கோல்டா வேடத்துக்கான எம்மி விருதை அதன் பிறகு பியா வாங்கினார். அஸ்தியின் பெரும்பகுதியை, மூன்றாவது கணவர் லார்ஸ் ஷ்மிட்டோடு கோடைகளைக் கழித்த, ஸ்வீடனின் டான்ஹோல்மன் தீவுக் கடலில் கரைத்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே தூக்கம் வருகிறது. ஒரே ஒரு படம் சொல்லுங்கள், எதைப் பார்க்க?

'நொட்டோரியஸ்'. கறுப்பு வெள்ளைதான், ஆனால் தூங்க விடாது. பிடித்துவிட்டால் அடுத்து 'காசாபிளாங்கா', அப்புறம் வண்ணத்தில் 'ஆட்டம் சொனாட்டா'. 'ஜர்னி டு இட்டலி'யை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். நிறுத்திவிடாதீர்கள், பொம்பெய் கடைசியில்தான் வருகிறது.